மறுமொழி: பச்சைவீட்டு வாயு ‘இன்வென்டரி’ – இருப்பேடா, பேரேடா?

வணக்கம். வளியைச் சூடாக்கும் வாயுக்களுக்கு ஆண்டுதோறும் எழுதும் ‘greenhouse gas inventory’ என்ற கணக்கு ஆவணத்துக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு இது என் மறுமொழி.

> கடைக்காரர் எடுக்கிற இருப்புக் கணக்குத்தானே இன்வென்டரி? ‘வாயு இருப்பேடு’ என்றே வைத்துவிடலாம்.

அண்ணா, கடைக்கு அது சரி, இங்கே இடிக்கும். இருப்பு என்றால் இன்றைக்கு எவ்வளவு கிடக்கிறது என்பது. இந்த ஆவணம் சொல்வது, ஒரு நாடோ மாநிலமோ ஓர் ஆண்டுக்குள் எவ்வளவு வாயுவை வெளியேற்றியது, அதன் காடும் மண்ணும் எவ்வளவைத் திரும்ப எடுத்துக்கொண்டன என்பதை. வளியில் ஏற்கெனவே சேர்ந்து கிடப்பது அதில் வராது.

> அப்படியானால் ‘வாயுப் பேரேடு’?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரேட்டில் பழைய பக்கங்களை அழித்து எழுதினால் கணக்காய்வாளர் விடுவாரா? இங்கே அதுதான் முறையே. நெல்வயல் மெதேனை எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைத் தம்பலகாமத்து வயலில் யாரும் மீற்றர் பூட்டி அளப்பதில்லை. விதைத்த பரப்பு, பயிர் நின்ற நாட்கள், ஒரு காரணி – இவற்றைப் பெருக்கி, நீர் கட்டிய விதத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைப்பார்கள். சொந்த அளவீடு இல்லாத நாடுகளுக்கென ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் அறிவியல் குழு) தன் 2006 வழிகாட்டியில் கொடுத்த பொதுக் காரணி, ஹெக்டயருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ மெதேன். 2019 செம்மையாக்கத்தில் அது 1.19 ஆனது. புது எண்ணை இந்த ஆண்டுக்கு மட்டும் போட்டால், வயலில் ஒன்றுமே மாறாமல் மெதேன் குறைந்ததாகக் காட்டும். அதனால் தொடக்க ஆண்டு வரை போய் எல்லாவற்றையும் மீளக் கணிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் இன்னும் வேடிக்கை. எல்லா வாயுக்களையும் காபனீரொட்சைட்டுக்குச் சமமாக மாற்றிக் கூட்டினால், 1990இல் அந்த மாநிலம் வெளியேற்றியது 427 மில்லியன் தொன் என்று 2007இல் முடிவு செய்தார்கள். மெதேன் போன்றவற்றின் வெப்பமூட்டும் வலுவுக்குப் புதிய பெறுமானங்கள் வந்தபின், 2014இல் அதே 1990க்கு 431 என்றார்கள். 2020க்குள் 1990 அளவுக்கு இறங்குவதுதான் அவர்கள் இலக்கு. ஆக இலக்கும் சேர்ந்து நகர்ந்தது!

எண்ணியதைவிடக் கணித்ததே இதில் அதிகம். எனவே என் முன்மொழிவு ‘கணிப்பேடு’: பச்சைவீட்டு வாயுக் கணிப்பேடு. செய்யும் வேலையைக் ‘கணக்கெடுப்பு’ என்றே விடலாம்.

> திருகோணமலைக்கென்று ஒன்று போட்டால் சீமெந்து ஆலைதான் முதலில் நிற்கும், இல்லையா?

நிற்காது. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, அரைத்தால் சீமெந்தாகும் கிளிங்கர் கட்டிகளாக ஆக்கும்போதுதான் கல்லிலிருந்து காபனீரொட்சைட்டு கிளம்புகிறது. வெளியிலிருந்து கப்பலில் வரும் கிளிங்கரை அரைக்கும் ஊருக்கு மின்சாரச் செலவு மட்டும்தான். சர்வதேசக் கப்பல்கள் நிரப்பும் எண்ணெயையும் நாட்டின் மொத்தத்தில் சேர்ப்பதில்லை, தனிக் குறிப்பாகக் காட்டுவார்கள்.

இனி ‘சிங்க்’ (sink) என்ற சொல். ‘காபன் தேக்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஐ.நா.வின் காலநிலை மாற்றச் சட்டகச் சமவாயம் முதல் உறுப்புரையிலேயே இரண்டைப் பிரிக்கிறது: வாயு சேர்ந்து கிடக்கும் இடம் ஒன்று, வளியிலிருந்து அதை அகற்றும் செயல், அதாவது சிங்க், மற்றொன்று. தேக்கம் முதலாவதற்குத்தான் பொருந்தும். கொட்டியாரக் குடாவின் கண்டல் சேற்றில் கிடக்கும் காபன் தேக்கம். கண்டல் வளர வளர வளியிலிருந்து இழுப்பது வேறு. வெட்டிச் சேற்றைக் கிளறினால் அதே இடம் வாயுவை வெளிவிடத் தொடங்கும்; அந்த ஆண்டுக் கணிப்பேட்டில் மறுபக்கத்துக்குப் போய்விடும். ஆகவே சிங்குக்கு வினையடியாகப் பிறந்த சொல் வேண்டும். ‘உள்வாங்கி’ எப்படி?

-----

அண்ணா, கணிப்பேடு எனக்குச் சம்மதம். உள்வாங்கி வேண்டாம். 2004க்குப் பிறகு எங்கள் கரையில் ‘கடல் உள்வாங்கியது’ என்றால் எல்லோரும் ஒன்றைத்தான் நினைப்பார்கள். ‘கடல் ஒரு பெரிய காபன் உள்வாங்கி’ என்று பாடக் குறிப்பில் எழுதிப் பாருங்கள், பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று தெரியும். ‘உறிஞ்சி’யும் சரிவராது, அது இளநீர்க் குழாய். எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் ‘அகத்துறிஞ்சல்’ இருக்கிறதே, அதிலிருந்து ‘காபன் அகத்துறிஞ்சி’ எடுக்கலாமா?

-----

எடுக்கலாம் தங்கச்சி. நீளம்தான், பரவாயில்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘அகத்துறிஞ்சல்’ என்று எழுதுவதில்லை, அவர்களுக்கு ‘உட்கவர்தல்’. ‘உட்கவரி’ என்று அவர்கள் பக்கம் ஒன்று வருமா என்பதை அவர்களே சொல்லட்டும்.