மடிப்பாக்கம் காலி மனையில் புரோமஸ் புல்லா?

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
எங்க தெருக்கோடியில ஒரு காலி மனை. மழை விட்டதும் முழங்கால் உயரத்துக்குப் புல். கதிர் ஊதா நிறம், ஒவ்வொரு மணியிலயும் மயிர் மாதிரி வால். செடி பேர் சொல்ற ஆப்ல போட்டோ போட்டேன், ‘புரோமஸ் டெக்டோரம்’னு வந்துச்சு. அமெரிக்காவுல ‘சீட்கிராஸ்’னு சொல்ற அதே புல். படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு. காய்ஞ்சா தீ பிடிக்குமாம், மேய்ச்சல் நிலத்தையே முழுங்கிடுச்சாம். அசோசியேஷன்ல சொல்லி மொத்தமாப் பிடுங்கலாம்னு இருக்கேன்.

களைக்கொத்து:
சார், அவசரப்படாதீங்க. அது ஐரோப்பா, மேற்காசியாப் பக்கத்துப் புல். இலையுதிர் காலத்துல முளைச்சு, குளிரைத் தாங்கி, கோடை வர்றதுக்குள்ள காய்ஞ்சிடும். நம்ம நாட்டுல காஷ்மீர், லடாக் பக்கம் இருக்கு. சென்னையில மார்கழியில 18 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே பேப்பர்ல போடுறாங்க. ஆப் பார்த்துப் பழகினதெல்லாம் வெளிநாட்டுப் போட்டோவா இருக்கும்.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
டெக்டோரம்னா லத்தீன்ல கூரைன்னு அர்த்தம். கூரை மேலயே முளைக்கிற புல்லுக்கு மடிப்பாக்கம் என்ன பெரிய விஷயம்? பார்த்தீனியம் வந்தப்பவும் இப்படித்தான் சும்மா இருந்தோம்.

முயல்_வீடு:
களைக்கொத்து அண்ணா, ‘இங்க வராது’ன்னு ஒரேயடியா சொல்லாதீங்க. முயலுக்கு வாங்கின இறக்குமதிக் காய்ஞ்ச புல் மூட்டையோட தூசியைத் தொட்டியில கொட்டினேன். டிசம்பர்ல ரெண்டு நாத்து வந்துச்சு. தட்டையான பெரிய சிறுகதிர். தெரிஞ்ச பாட்டனி மேடம் பார்த்துட்டு, அதே புரோமஸ்ல இன்னொரு இனம், புரோமஸ் கத்தார்ட்டிகஸ், ‘ரெஸ்க்யூ கிராஸ்’னாங்க. தென்னமெரிக்காவுல பிறந்த தீவனப் புல்லாம்.

களைக்கொத்து:
சரி, அதை ஒத்துக்கிறேன். தொட்டியில முளைக்கும். அடுத்த வருஷம் தானா வந்துச்சா?

முயல்_வீடு:
இல்ல. மார்ச்சுல கருகிடுச்சு. 😐

களைக்கொத்து:
அதைத்தான் சொல்றேன். முளைக்கிறது வேற, குடியேறுறது வேற.

மாடித்தோட்டம் சார், ஆப்பை மூடிட்டு ஒரு தண்டைப் பிடுங்குங்க. தண்டைச் சுத்தியிருக்கிற இலையுறையைப் பாருங்க. பெரும்பாலான புல்லுல அது வேட்டி கட்டின மாதிரி, ஒரு ஓரம் இன்னொண்ணு மேல ஏறியிருக்கும். நகத்தால பிரிச்சா திறந்துக்கும். புரோமஸ்ல அது மூட்டின லுங்கி, கிட்டத்தட்ட மேல் வரைக்கும் குழாய். கிழிச்சாத்தான் திறக்கும். அடுத்தது கதிர். டெக்டோரத்துக்கு மெல்லிசுக் கிளையெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு தொங்கும். உங்களுது காம்பு நுனியில ஒரே இடத்திலிருந்து விரல் விரிச்ச மாதிரி இருந்தா, நம்ம மயில்கொண்டைப் புல்தான். வேளச்சேரி ரயில்பாதை ஓரம் பூரா அதுதானே.

இன்னொண்ணு. புரோமஸ்னாலே வில்லன் இல்ல. சுமார் 150 இனம் இருக்கு. ‘இனெர்மிஸ்’ மண்ணுக்கடியில தண்டு விட்டுப் பரவுற பல்லாண்டுப் புல், அமெரிக்காவுல தீவனத்துக்குன்னே கொண்டுபோய் விதைச்சாங்க. சிலியில மாப்புச்சே மக்கள் ‘புரோமஸ் மாங்கோ’வைத் தானியமாவே பயிரிட்டாங்க (மாம்பழத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல!). இங்கிலாந்துல மட்டும் இருந்த ‘இன்டரப்டஸ்’ 1972-க்கு அப்புறம் காட்டுல காணாமப் போய், சேமிச்சு வெச்ச விதையிலிருந்து 2004-ல திரும்ப விதைச்சாங்க. ஒண்ணைப் பிடுங்க ஆள் தேடுறாங்க, ஒண்ணைக் காப்பாத்த ஆள் தேடுறாங்க.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
இங்கிலாந்துக் கதை நல்லா இருக்கு. நான் கேட்டது என் தெருவைப் பத்தி. ஒரு சிகரெட் துண்டு விழுந்தா, உறை மூடியிருக்கா திறந்திருக்கான்னு தீ பார்க்குமா?

களைக்கொத்து:
பார்க்காது. ஆனா அமெரிக்காவுல சிக்கலே வேற. அங்க புதருக்கு நடுவுல வெறும் மண்ணா இருந்த இடைவெளியை டெக்டோரம் நிரப்பிடுச்சு, தீ ஒரு புதர்லேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவப் பாலம் கிடைச்சது. எரிஞ்ச இடத்துல மறுபடி முதல்ல முளைக்கிறதும் அதேதான். உங்க மனையில இருக்கிறது தீப்பயம்னா தீப்பயம்னு எழுதுங்க. அந்நியப் படையெடுப்புன்னு லெட்டர் போட்டா ஊர் சிரிக்கும்.

கீழ்க்கட்டளை_பால்காரர்:
ஏம்பா, படம் நல்லாப் பார்த்தேன். இது முத்திப்போன புல்லு. கதிர் தள்றதுக்கு முன்னாடின்னா என் மாடு மிச்சம் வெக்காது.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
இப்பத்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். செருப்புல பாதி சேறு. உறை நகம் பட்டதும் திறந்துக்கிச்சு. வேட்டிதான். கதிரும் ஒரே இடத்திலிருந்து பதினோரு விரல், எண்ணிப் பார்த்தேன். ஆப்புக்குக் குடுத்த போட்டோவுல ஒரு விரல்தான் விழுந்திருக்கு, அதுவும் மங்கலா.

ஆனா பிடுங்கத்தான் போறேன். உள்ள ஏதோ சரசரன்னுச்சு.

களைக்கொத்து:
அது சாரையா இருக்கும். எலி குறையுமேன்னு விடுங்க சார்.

மாடித்தோட்டம்_மடிப்பாக்கம்:
அப்ப அதுக்கும் ஒரு தனி இழை போடுங்க, வந்து சண்டை போடுறேன்.

கீழ்க்கட்டளை_பால்காரர்:
வெட்டுனா ஓரத்துல இருக்கிற அருகம்புல்லைத் தனியா வைங்க சார். சாயங்காலம் வண்டி அனுப்புறேன்.