சுகாதாரக் குழுவில் பேர் இருக்கு, ஊர் ஜனங்களை எப்படிப் பேச வைக்கிறது?

கேள்வி: மகளிர் குழு, குடியாத்தம் பக்கம்

வணக்கம். மகளிர் குழுவில் இருக்கிறதால கிராம சுகாதாரக் குழுவிலும் என் பேரைச் சேர்த்திருக்காங்க. எங்க தெருவுல பாதி வீட்டுல பீடி சுத்துறாங்க. ஆஸ்பத்திரியில சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிற அதே காலை நேரத்துலதான் பீடிக்கட்டை ஏஜென்டுகிட்ட ஒப்படைக்கணும். அதை ஒப்படைக்காம விட்டா கூலி போச்சு. அதனால மாத்திரையை விட்டுடுறாங்க.

ஆகஸ்ட் 15 கிராம சபையில இதைச் சொல்லலாம்னு போனோம். தீர்மானம் முன்கூட்டியே எழுதி வச்சிருந்தது. வாசிச்சாங்க, கையெழுத்து வாங்கினாங்க, முடிஞ்சது. பெண்கள் யாரும் வாய் திறக்கல. வெளியே வந்து மரத்தடியில நின்னு எல்லாத்தையும் கொட்டுறாங்க! மாத்திரை கொடுக்கிற நேரத்தை மாத்தணும்னு ஜனங்களே சொல்ல என்ன வழி?

பதில்: ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர், கே.வி.குப்பம்

கூட்டத்துக்கு வாங்கன்னு கூப்பிடறதை முதல்ல விடும்மா. மத்தியானம் முறத்தை மடியில வச்சுக்கிட்டு திண்ணையில சேர்ந்து உட்கார்ந்து சுத்துறாங்க இல்ல, அங்க போய் உட்காரு. நோட்டை வெளியே எடுக்காதே. நோட்டைப் பார்த்தா லோன் விசாரிக்க வந்திருக்காங்கன்னு பேச்சு நின்னுடும்.

"ஏதாவது குறை இருக்கா"ன்னு கேட்டா, "நல்லாத்தான் பார்க்கிறாங்க"ன்னு ஒரே பதில்தான் வரும். "போன மாசம் மாத்திரை வாங்கினீங்களா, எத்தனை மணிக்குப் போனீங்க, என்ன சொன்னாங்க"ன்னு கேளு. அப்பத்தான் விஷயம் வரும். நான் வேலையில இருந்தப்ப ஒரு அம்மாவோட முறத்துல புகையிலைத் தூளுக்குப் பக்கத்துல பாதிப் பாதியா வெட்டின மாத்திரை கிடந்தது. இலை வெட்டுற கத்தரியாலதான் வெட்டியிருந்தாங்க. அடுத்த மாசம் வரைக்கும் வரணுமாம். பிரஷர் ஏன் குறையலன்னு டாக்டர் டோஸை ஏத்திக்கிட்டே இருந்தார். எந்தக் கூட்டத்துலயும் இது வெளியே வந்திருக்காது.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்ல. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1909-லயே மோட்டார் கார்ல வேலூர்ல இருந்து குடியாத்தம் ரோட்டுல வந்து, ரோட்டோரம் நிறுத்தி வைத்தியம் பார்த்தாங்க. 1977-ல சி.எம்.சி. எங்க வட்டாரத்துல ரூசாங்கிற கிராம சுகாதார, சமூக நலப் பிரிவை ஆரம்பிச்சப்ப, அந்தந்த ஊர்ப் பெண்களையே தொண்டர்களா எடுத்தாங்க. என்கிட்ட மறைக்கிறதை அந்தப் பொண்ணுங்ககிட்ட தண்ணிக் குழாயடியில சொல்லிடுவாங்க. உங்க ஊர்ல இப்ப மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் இருப்பாங்க. 2021-ல வந்த திட்டம். சுகர், பிரஷருக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றதுதான் அவங்க வேலை. திண்ணைக்கு அவங்களையும் கூட்டிப் போ, யார் பேர் விட்டுப்போச்சுன்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

பதில்: ஒடுகத்தூர் ஆசிரியர்

அக்கா சொன்னது சரி. ஆனா திண்ணைப் பேச்சு எழுத்தா மாறலைன்னா யாரும் அசைய மாட்டாங்க. கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சிச் செயலர்கிட்ட மனு கொடுத்து, கூட்டப் பொருள்ல சேர்க்கச் சொல்லுங்க. தீர்மானத்தை அங்கேயே நோட்டுல எழுத வச்சு, வாசிச்ச பிறகு கையெழுத்துப் போடுங்க. நகலும் கேளுங்க. 501-லிருந்து 3,000 பேர் வரை உள்ள ஊராட்சின்னா குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைஞ்சது வர வேண்டியவங்க, 100 பேர். திண்ணைப் பெண்கள் வந்து நின்னாத்தான் அது நிறையும், அதுவே உங்க பலம்.

சுகாதாரக் குழுவுக்கு வருஷத்துக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடில்லா நிதி (ஊர்த் தேவையைப் பார்த்து குழுவே செலவு பண்ற பணம்) உண்டு. எதுக்குச் செலவாச்சுன்னு கேளுங்க, நீங்க உறுப்பினர், கேட்க வேண்டியவங்களே நீங்கதான்.

எங்க பக்கம் பீஞ்சமந்தை மலை ஜனங்களைக் கிராம சபையில பிடிக்கவே முடியாது. சந்தைக்கு இறங்கி வர்றப்ப பேசினாத்தான் உண்டு.

கேட்டவர்

ரொம்ப நன்றி. தன்னார்வலர் அக்காகிட்ட நேத்தே பேசினேன். எங்க தெருவுல சில வீடு அவங்க லிஸ்ட்லயே இல்ல, வாடகைக்கு வந்தவங்க. மத்தியானமும் ஆஸ்பத்திரியில மாத்திரை கொடுக்கச் சொல்லி மனு எழுதலாம்னு இருக்கோம். மாத்திரையை விட்டவங்க பேரையெல்லாம் எழுதிடட்டுமா?

ஓய்வு பெற்ற செவிலியர்

பேர் வேண்டாம்மா. கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணுக்குச் சுகர்னு ஊர்ல பரவினா அப்புறம் யாரும் உன்கிட்ட வாயே திறக்க மாட்டாங்க. எத்தனை பேர் விட்டாங்க, ஏன் விட்டாங்க, இது போதும். மெடிக்கல் ஆபீசரை முதல்ல நேர்ல பார். மத்தியானம் மாத்திரை கொடுக்கிறதை அவரே முடிவு பண்ணலாம், அதுக்குக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டாம். போறப்ப பீடி சுத்துற ரெண்டு பேரைக் கூட்டிப் போ, அவங்களைப் பேச விடு. அவர் முடியாதுன்னாலும் காரணத்தைக் கேட்டு வந்து, அதே திண்ணையில சொல்லிடு.