எஞ்சினைத் திறக்க இருந்தேன், தேய்ந்திருந்தது பம்பு வளையம்

மட்டக்குளியில், களனி ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளேதான் என் போட் நிற்கிறது. 14 அடி பைபர் போட், எஞ்சின் உள்ளே, பின்னால் ஜெட் பம்பு, அதாவது அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சி போட்டைத் தள்ளும் பம்பு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதால் வெளியே சுற்றும் புரொபெல்லர் வேண்டாம் என்றுதான் இதை வாங்கினேன். அது ஒரு நாள் திடீரென்று வேகமெடுத்துத் தண்ணீருக்கு மேலெழும்ப மறுத்தது. எஞ்சின் கத்துகிறது, மீட்டர் 6000க்கு மேல் காட்டுகிறது, போட் மட்டும் மாட்டு வண்டி போல ஊர்கிறது.

வேலைத்தளம் ஒன்றில் காட்டினேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம்) போயிருக்கும், எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை எனக்கு இரண்டு மாதச் சம்பளம். பம்பு பக்கம் யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து நண்பரிடம் கம்ப்ரஷன் கேஜ் வாங்கி நானே பார்த்தேன், எல்லா சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே அளவு. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, போட் போகவில்லை என்றால் சக்தி நடுவில் எங்கேயோ நழுவுகிறது. கார் கிளட்ச் தேய்ந்தால் எப்படியோ அப்படி.

சாவியைக் கழற்றி, பேட்டரி நெகட்டிவ்வையும் எடுத்துவிட்டு (இதைச் செய்யாமல் யாரும் பம்புக்குள் கை விட வேண்டாம், தயவுசெய்து), ட்ரெய்லருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடிக் கம்பிவலைக்கு மேலே ஷாப்டில் தங்கூசி சுற்றிச் சுற்றி ஒரு நூல்கட்டை போல இருந்தது. பிளேடால் அறுத்து எடுக்கவே ஒரு மணி நேரம். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தண்ணீரில் விட்டால் அதே ஊர்தல்.

அப்புறம்தான் வளையத்தைப் பார்த்தேன். தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரமான இம்பெல்லர் சுற்றுவது ஒரு வளையத்துக்குள்ளே. என்னுடையதில் அது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். இம்பெல்லர் இறகின் நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் புதிதில் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த நெருக்கம்தான் தண்ணீரைப் பின்னால் தள்ள வைக்கிறது. இடைவெளி கூடினால் தள்ளிய தண்ணீர் இறகைச் சுற்றி முன்னுக்கே திரும்பி வந்துவிடும். இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் அளந்தேன். மோசமான இடத்தில் 1.1 மில்லிமீட்டர், உள்ளே விரலில் தட்டுப்படும் அளவுக்கு வரிவரியாகக் கீறல்.

காரணம் மணல். அதற்குப் பொறுப்பு நான்தான். ஜெட் போட் ஆழமில்லாத தண்ணீரிலும் ஓடும் என்பார்கள், அது உண்மை. நியூசிலாந்தில் பில் ஹமில்டன் 1950களில் இதை வளர்த்தெடுத்ததே அங்குள்ள ஆழமற்ற, கல் நிறைந்த ஆறுகளில் ஏறிப் போகத்தான். ஆனால் வேகமாக மேலெழுந்து ஓடும்போது மேட்டைத் தாண்டுவது வேறு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்வது வேறு. நான் காக்கைத் தீவுப் பக்கம் மணல் மேட்டில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒவ்வொரு முறையும் அங்கேயே ஸ்டார்ட் செய்து வந்திருக்கிறேன். அந்த மணல் முழுக்க பம்புக்குள் போய் அரம் போல வேலை செய்திருக்கிறது. இப்போது துடுப்பால் இடுப்பளவு ஆழத்துக்குத் தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் சாவி.

பம்பைப் போட்டிலிருந்து கழற்றுவது கஷ்டமில்லை. ஸ்டியரிங் கேபிளையும் ரிவர்ஸ் பக்கெட் கேபிளையும் எடுக்கும் முன் எந்தத் துளையில், எத்தனை மரை உள்ளே என்று போனில் படம் எடுத்து வையுங்கள். என் உயிரை எடுத்தது நொசில், அதாவது தண்ணீர் பீச்சும் பின்வாய், அதன் போல்ட். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர். முன்னர் பூட்டியவர் கிரீஸ் தொடவே இல்லை. அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகி போல்டை இறுக்கிப் பிடித்துவிட்டது. எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தேன். மறுநாள் பம்பைப் போட்டிலிருந்தும் பெற்றோலிலிருந்தும் தள்ளி, முற்றத்தின் மறு மூலையில் வைத்து சூடு காட்டினேன். போல்டைவிட அலுமினியம் கூட விரியும், அதனால் போல்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள உடம்புக்குத்தான் சூடு. மூன்று போல்ட் வந்தன, நான்காவது தலை முறிந்தது.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு எடுத்துப்போனேன். லேத் பாஸ் நடுவில் துளை போட்டு அதைத் திருப்பி எடுத்துக் கொடுத்தார், உடம்பின் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரிங்கும் அங்கேயேதான். பம்புக்குள் இருந்த ஒயில் பாலும் தேநீரும் கலந்த நிறத்தில் வந்தது, அப்படியென்றால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரவென்றது. பேரிங் கடை நானா நான் கொண்டுபோன பழையதைத் துடைத்து, பக்கவாட்டில் இருந்த நம்பரைக் காட்டி, "அளவு சரின்னு வாங்காதீங்க தம்பி, இந்த நம்பர பின்னால உள்ள எழுத்தோட சேர்த்துப் பாருங்க" என்றார். அந்தக் கடைசி எழுத்துகள்தான் மூடி இருக்கிறதா, உள் இடைவெளி எவ்வளவு என்றெல்லாம் சொல்கின்றன. அவர் சொல்லாவிட்டால் மூடி இல்லாததை வாங்கி வந்திருப்பேன்.

வளையம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. மெல்பேர்னில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவந்தார், அதுவரை ஆறு வாரம் போட் மூடிக் கிடந்தது. பழையதை எடுக்க, ஹக்சோ பிளேடை மட்டும் கையில் பிடித்து இரண்டு இடத்தில் நீளவாக்கில் அறுத்து, குறட்டால் உள்ளே மடக்கி இழுத்தேன். கடைசி ஒரு மில்லிமீட்டர் மெதுவாக, இல்லாவிட்டால் அலுமினியத்தில் பிளேடு இறங்கிவிடும். புதிய வளையத்தை இரவு முழுக்க ப்ரீசரில் வைத்தேன், அம்மா அதை மீன் பையோடு ஒட்டாமல் சுற்றி வைத்தார். பம்பு உடம்பை மத்தியான வெயிலில் காய விட்டேன். குளிர்ந்தது சுருங்கும், சூடானது விரியும். பலகை வைத்து நேராகத் தட்டியதும் சிரமமே இல்லாமல் இறங்கிவிட்டது. சரிந்து இறங்கினால் அடித்து இறக்காதீர்கள், எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இம்பெல்லர் முன் விளிம்பில் சின்னச் சின்ன நெளிவுகள் இருந்தன, அரை வட்ட அரத்தால் எல்லா இறகிலும் ஒரே மாதிரி சீவினேன். இறகே மடிந்திருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. போல்ட் எல்லாவற்றுக்கும் மரையில் கடல் கிரீஸ்.

பூட்டி இறக்கினேன். எழும்பியது, ஆனால் வேகம் கூட்டினால் இடையிடையே வழுக்கியது. மனம் விட்டுப்போனது. பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் பின்னால் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒங்க போட் காத்தக் குடிக்குது தம்பி" என்றார். அவர் ஜெட் பம்பு வைத்திருப்பவர் அல்ல, ஆனால் சொன்னது அப்படியே சரி. பம்பு அடியில் உட்காரும் இடத்தில் சீல் ஒரு மூலையில் மடிந்து, அந்த இடுக்கால் காற்று உள்ளே போயிருக்கிறது. தண்ணீரோடு காற்று கலந்தால் இம்பெல்லருக்குப் பிடிமானம் இல்லை. பம்பை மறுபடி கழற்றி, துடைத்து, புதுச் சீலும் கடல் சிலிக்கனும் வைத்து ஒரு நாள் காய விட்டேன்.

அடுத்த ஞாயிறு ஹெகித்தைப் பக்கத்தால் ஹமில்டன் கால்வாய்க்குள் போனோம். வெள்ளைக்காரர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த அந்தக் கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர் வேறு ஹமில்டன், ஆனாலும் ஜெட் போட்டில் அதற்குள் போகும்போது எனக்கு ஒரு சந்தோஷம். பமுனுகம தாண்டும் முன் ஒரு பொலித்தீன் பை இழுபட்டது. ரிவர்ஸ் போட்டால் கக்கிவிடும் என்று மகன் சொன்னான். ரிவர்ஸில் பக்கெட் கீழே இறங்கி பீச்சும் தண்ணீரை முன்னால் திருப்புகிறது, அவ்வளவுதான். இம்பெல்லர் சுற்றும் திசை மாறுவதில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை அவன் கையில் கொடுத்து, நான் இறங்கி அடியால் இழுத்து எடுத்தேன்.

இப்போது ஒவ்வொரு முறை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். தொடங்கும்போது முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிறகு பைப்பைத் திறக்கிறேன். முடிக்கும்போது முதலில் பைப்பை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்துகிறேன். மாற்றிச் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறும். மாதம் ஒரு முறை பீலர் கேஜ் வைத்து அளந்து கொப்பியில் எழுதுகிறேன், கடைசியாக 0.4.

பொல்கொடை ஏரியில் ஓட்டுபவர்களுக்கு மணலைவிடக் களைதான் தொல்லை என்று கேள்விப்பட்டேன். அங்கே ஓட்டுபவர்கள் வளையம் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று சொல்லுங்கள், நான் கொப்பியில் பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன்.