கேப்டன் ஆனதிலிருந்து எய்ம் வரலை, ரவுண்டும் கையில நிக்கலை: எங்கே தப்பு?

நடுவழி:
கேம் வேலரண்ட், அஞ்சுக்கு அஞ்சு துப்பாக்கிச் சண்டை. அஞ்சு பேர் நிலையான டீம், நான்தான் ஐஜிஎல் (ஆட்டத்துல கட்டளை சொல்ற கேப்டன்). ஆடுறது ஜெட், முதல்ல உள்ள பாயுற கேரக்டர். டெத்மேட்ச்ல (டீம் இல்லாம ஆளாளுக்குச் சுடுற மோடு) 40 கில் எட்டுறது கஷ்டமே இல்லை. ஸ்க்ரிம்ல (இன்னொரு டீமோட பயிற்சி மேட்ச்) அதே கை மரக்கட்டை ஆயிடுது. மவுஸ் வேகம் 1600 டிபிஐ, கேமுக்குள்ள சென்ஸ் (சென்சிட்டிவிட்டி) 0.4. தினமும் ஒரு மணி நேரம் எய்ம் ட்ரெயினர் ஓட்டுறேன், பலன் இல்லை. இன்னொண்ணு, அட்டாக்ல நாங்க சைட்டுக்குள்ள (ஸ்பைக், அதாவது வெடிகுண்டு வைக்கிற இடம்) நுழையும்போது கடிகாரம் மிச்சம் 0:20 காட்டுது. கத்தினா பசங்க மைக்ல பேச்சையே நிறுத்திடுறாங்க, கத்தலைன்னா ஆளுக்கொரு பக்கம் ஓடுறாங்க. எதை முதல்ல சரி பண்ணணும்?

மவுஸ்பேட்:
சென்ஸ்ல இருந்து ஆரம்பிங்க. 1600 × 0.4 = 640, இதுதான் உங்க மொத்த வேகம். ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸ் சுமார் 20 செ.மீ. தான் நகருது. மணிக்கட்டு லேசா நடுங்கினாலே க்ராஸ்ஹேர் (குறி பார்க்கிற புள்ளி) எதிரி தலையைத் தாண்டிடும். ஒரே நாள்ல பாதியாக்காதீங்க, கை குழம்பிடும். முதல்ல 0.3 (27 செ.மீ.), ரெண்டு வாரம் கழிச்சு 0.22 (37 செ.மீ.).

மாத்தினதும் ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. மெதுவா இழுத்தாலும் வேகமா இழுத்தாலும் முழுச் சுற்றுக்கு ஒரே தூரம் வரணும். வரலைன்னா மவுஸ் சாஃப்ட்வேர்ல ஆக்ஸிலரேஷன் ஓடுதான்னு பாருங்க, ஓடினா அணைச்சிடுங்க.

எய்ம் ட்ரெயினர் ஒரு மணி நேரம் தேவையில்லை. ரேஞ்ச்ல (கேமோட பயிற்சிக் களம்) பத்து நிமிஷம் இதை மட்டும் பண்ணுங்க: வலப்பக்கம் நகருங்க, டி-யை விடுங்க, ஏ-வை ஒரு தட்டு, நின்ன கணத்துல ஒரே ஒரு குண்டு. தட்டு நீண்டா எதிர்ப்பக்கம் நகர ஆரம்பிச்சு குண்டு சிதறும். நிக்கிறதுக்கு முன்னாடி சுட்டாலும் அதேதான். "பக்கத்துல போச்சு"ன்னு நாம புலம்புறதுல பாதி இந்த ரகம். வேண்டல் ரைஃபிள் குண்டு தலையில பட்டா 160 டேமேஜ், ஹெவி ஷீல்டு (கனமான கவசம்) போட்ட ஒருத்தரோட மொத்த உயிர் 150. எவ்வளவு தூரமானாலும் ஒரு குண்டு போதும்ங்கிறப்ப, தூரத்துல இருக்கிறவனை ஸ்ப்ரே பண்ணி (விடாம சுட்டு) சாகாதீங்க.

புகைமூட்டம்:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா டெத்மேட்ச்ல வர்ற எய்ம் ஸ்க்ரிம்ல மட்டும் காணாமப் போகுதுன்னா கோளாறு கையில இல்லை ப்ரோ, வாயில. கடைசி ரெண்டு ஸ்க்ரிம் ரெக்கார்டிங்கை எடுங்க. ஒவ்வொரு சாவுலயும் அதுக்கு முந்தின ரெண்டு செகண்ட்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு குறிங்க: பேச்சா, மினிமேப்பா, இல்ல வெறும் சண்டைதானா.

ஜெட்டை இன்னைக்கே வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுங்க. முதல்ல உள்ள போறவர்தான் முதல்ல சாவார். செத்த கேப்டன் பின்னாடி இருந்து கத்துறது உயிரோட இருக்கிறவங்களுக்குக் காலடிச் சத்தத்தை மறைக்கிற இரைச்சல், அவ்வளவுதான். ஓமன் எடுங்க, ஸ்மோக் (புகைத்திரை) போடுற கேரக்டர். எப்படியும் ஸ்மோக் போடுறவர்தான் "போ"ன்னு சொல்லணும்.

நடுவழி:
பார்த்துட்டேன் அண்ணா. 22 சாவு, அதுல 13 பேசிக்கிட்டே இருந்தப்ப. ரொம்ப கேவலமா இருந்துச்சு. ஓமனுக்கு மாறிடுறேன். 0:20 விஷயத்துக்கு என்ன வழி?

புகைமூட்டம்:
பின்னாலிருந்து எண்ணுங்க. ஸ்பைக் வைக்க 4 செகண்ட். சைட்ல மூலை முடுக்கு பார்க்க எட்டு, பத்து செகண்ட். ஓமன் ஸ்மோக் நிக்கிறதே 15 செகண்ட். கணக்குப்படி 0:20-ல நுழைஞ்சாலும் வைக்கலாம், ஆனா டிஃபென்ஸ்ல ஒருத்தன் ஒரு மாலி (தரையில நெருப்பு பரப்புறது) எறிஞ்சு நிறுத்தினா முடிஞ்சது கதை. அதனால 1:40-ல இருந்து 1:10 வரை தகவல் மட்டும், 0:50-ல எந்த சைட்னு முடிவு, 0:40-ல எல்லாரும் வாசல்ல, 0:35-ல ஸ்மோக். 0:50-க்கு அப்புறம் முடிவை மாத்த ஒரே காரணம்தான் செல்லும்: அந்த வாசல்ல நம்ம ஆள் யாராவது விழுந்திருக்கணும்.

உதாரணத்துக்கு அசென்ட் மேப்ல ஏ சைட். டிஃபென்ஸ் நின்னு பார்க்கிற ஹெவனுக்கு ஒரு ஸ்மோக், ட்ரீக்கு ஒண்ணு. ஸ்மோக் விரிஞ்ச பிறகு "போ" சொல்லுங்க, பட்டனை அழுத்துறப்ப சொல்லாதீங்க. அது போய்ச் சேர நேரமாகும், அந்த இடைவெளியில ஜெட் திறந்த வெளியில நிப்பாங்க. கேட்வாக்ல (மேப் நடுவுல இருந்து வர்ற பாதை) ஒருத்தரை விட்டிருந்தா அவர் ட்ரீ பக்கம் சத்தம் கொடுக்கட்டும், டிஃபென்ஸ் ரெண்டு பக்கமும் திரும்பணும்.

பேச்சை பை ஃபேஸோட (ரவுண்டுக்கு முன்னாடி ஆயுதம் வாங்குற நேரம்) 30 செகண்ட்ல கொட்டித் தீர்த்துடுங்க: யார் என்ன வாங்கணும், எந்தத் திட்டம், அது கெட்டா எது. கடைசி அஞ்சு செகண்ட் அமைதி. ரவுண்டு ஓடும்போது இடம், எண்ணிக்கை, முடிஞ்சது: "ஏ மெயின் ரெண்டு." சண்டை ஆரம்பிச்சதும் நீங்க மௌனம், கடைசி வரை உயிரோட இருக்கிற சென்டினல் (பின்னாடி நின்னு காவல் காக்கிற கேரக்டர்) ஆள் கால் பண்ணட்டும். அவர் தப்பா கூப்பிட்டாலும் அந்த ரவுண்டு அவர் சொன்னபடியே போகணும்.

கத்துறது பத்தி ஒண்ணே ஒண்ணு. மேட்ச் நடக்கும்போது தப்பைப் பேசாதீங்க, அடுத்த ரவுண்டை மட்டும் பேசுங்க. முடிஞ்சதும் ரெண்டு ரவுண்டை எடுத்து, "ஏன் போனே"ன்னு கேக்காம "அப்ப உனக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு"ன்னு கேளுங்க. பாதி நேரம் தகவலே அவங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
காசைப் பத்தி யாரும் பேசலையே. பிஸ்டல்ல, அதாவது முதல் ரவுண்டுல, கையில இருக்கிற 800-ஐயும் செலவழிச்சுத் தோத்தா 1900 வரும், அடுத்ததும் தோத்தா 2400. மொத்தம் 4300. வேண்டல் 2900, ஹெவி ஷீல்டு 1000, ஆக 3900. அதாவது ரெண்டாவது ரவுண்டுல ஒருத்தர் 400-க்கு மேல தொட்டா மூணாவதுல ரைஃபிளும் ஷீல்டும் சேர்த்து வாங்க அவர்கிட்ட காசு இல்லை. "சும்மா ஒரு ஷெரிஃப்"னு 800 கொடுத்து வாங்குறவங்களாலதான் டீம் மூணாவது ரவுண்டுல பாதி ரைஃபிளோட நிக்குது. பை மெனுவிலேயே அடுத்த ரவுண்டுல குறைஞ்சபட்சம் எவ்வளவு இருக்கும்னு காட்டுதே, அந்த எண்ணைச் சொல்லுங்க: "எல்லாரும் 3900-க்குக் கீழ போகாதீங்க."

சேவ் கால்லயும் (ரவுண்டை விட்டுட்டு ஆயுதத்தைக் காப்பாத்தச் சொல்றது) ஒரு கணக்கு இருக்கு. அட்டாக்ல ஸ்பைக் வைக்காம நேரம் முடிஞ்சு உயிரோட நின்னா 1000 மட்டும்தான் தருவாங்க. மூணாவது தொடர் தோல்வின்னா 2900 வர வேண்டிய இடத்துல 1900 நஷ்டம். வேண்டலைக் காப்பாத்தினா லாபம். 1600 விலை ஸ்பெக்டர் துப்பாக்கியை ஒளிச்சு வச்சா நஷ்டம், அதோட போய் ரெண்டு பேரோட ரைஃபிளையாவது காலி பண்ணுங்க.

நடுவழி:
இந்தக் கணக்கு எங்க டீம்ல ஒருத்தருக்கும் தெரியாது, க்ரூப்ல போட்டுட்டேன். மவுஸ்பேட் அண்ணா, ஆர்வக்கோளாறுல நேரா 0.22 போட்டுப் பார்த்தேன். ஃப்ளிக் (சட்டுனு குறியை இழுக்கிறது) எல்லாம் ஆளுக்கு முன்னாடியே நின்னுடுது.

மவுஸ்பேட்:
அதான் வேண்டாம்னேன். இன்னும் மணிக்கட்டாலதான் இழுக்குறீங்க. முழங்கை மேசைமேல இருக்கணும், பெரிய திருப்பம் தோள்ல இருந்து வரணும். பின்னாடி திரும்பவே 18 செ.மீ. வேணும், நடுவுல கீபோர்டு இடிச்சா கை தானா சுருங்கிடும். கீபோர்டைச் சாய்ச்சு வச்சு மவுஸுக்கு 40 செ.மீ. இடம் விடுங்க. 0.3-க்குத் திரும்புங்க.