நெட் போன புகார்களும் கடைசியில் கிடைத்த காரணங்களும்

வளாகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ‘நெட் வரவில்லை’ என்ற போனைத் தவிர வேறு போனே வராது. புகார் எப்போதும் அந்த ஒரு வரிதான், காரணம் மட்டும் தடவைக்குத் தடவை மாறும். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், முக்கியமாக எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதை. நானே ஆரம்பிக்கிறேன்.

போனை எடுத்ததும் நான் கேட்பது, பக்கத்து சிஸ்டத்தில் வருகிறதா என்பதைத்தான். ஒன்றில் மட்டும் இல்லை என்றால் கேபிள், நெட்வொர்க் கார்டு, செட்டிங். ஒரு வரிசையே இல்லை என்றால் அந்த வரிசைக்குப் போகும் ஸ்விட்ச், அதாவது பல கணினிகளின் கேபிள்களை இணைக்கும் பெட்டி. மாடி முழுக்க என்றால் அந்த மாடி ராக் (ஸ்விட்சுகளை வைத்திருக்கும் அலமாரி), அல்லது அங்கிருந்து இறங்கும் ஃபைபர். இதைக் கேட்காமல் நேராக ஒரு சிஸ்டத்தின் முன் உட்கார்ந்து கார்டின் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

என்னால் மறக்க முடியாதது ஒரு லேப் தேர்வு நாள். காலையில் ஒழுங்காக ஓடியது, மதியம் எல்லாமே மந்தம், கொஞ்ச நேரத்தில் சுத்தமாகப் போய்விட்டது. அப்புறம் பக்கத்து லேபும் போனது. வெளியே போகும் வாசலான கேட்வேக்குப் பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைச் செய்தி) போட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அடுத்த சிலவற்றுக்கு வராது. ராக்கைத் திறந்ததுமே பாதி புரிந்துவிட்டது. ஸ்விட்சில் கேபிள் சொருகியிருந்த அத்தனை போர்ட்டிலும் விளக்குகள் ஒரே தாளத்தில் விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. சாதாரண நாளில் ஒவ்வொன்றும் தன்போக்கில்தான் மின்னும், எல்லாம் சேர்ந்து மின்னினால் முதலில் லூப்பைத்தான், அதாவது இணைப்பு வளையமாகிச் செய்தி சுற்றிச் சுற்றி வருவதைத்தான், சந்தேகப்பட வேண்டும். லேப்டாப்பில் தொடர்ந்து பிங் ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிக்கொண்டே வந்தேன், ஒன்றைக் கழற்றியதும் பிங் சீரானது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசி மேசைக்கு அடியில் ஒரு சின்ன எட்டு போர்ட் ஸ்விட்ச். யாரோ கூட்டும்போது தரையில் கிடந்த கேபிள் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நல்ல மனதோடு காலி போர்ட்டில் சொருகியிருக்கிறார்கள். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது.

ஒரு துண்டுக் கேபிள் இரண்டு லேபைச் சாய்க்குமா என்று கேட்டார்கள். சாய்க்கும். நெட்டில் போகும் தகவல் துண்டான ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஒரு கணக்கு உண்டு, ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் கதை முடிந்தது. அதைக் கேபிளில் சுமந்துபோகும் ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அந்தக் கணக்கே கிடையாது. எல்லோருக்கும் போகும் செய்தியான ஒரு பிராட்காஸ்ட் வளையத்துக்குள் போய்விட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகிற ஒவ்வொரு முறையும் மற்ற எல்லா போர்ட்டிலும் ஒரு பிரதியைத் தள்ளிவிடும். இதைத் தடுக்கத்தான் 1985இல் ரேடியா பெர்ல்மன் என்ற கணினி விஞ்ஞானி, வளையத்தில் ஒரு வழியை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற முறையை உருவாக்கினார், ஆனால் மேசைக்கு அடியில் கிடக்கிற மலிவு ஸ்விட்சுகளில் அது இருப்பதில்லை. அதனால் இப்போது பெரிய ஸ்விட்ச் பக்கம் லேப் போர்ட்டுகளில் பிபிடியு கார்டு என்ற காவல் வசதியைப் போட்டிருக்கிறோம், ஸ்பேனிங் ட்ரீ செய்தி உள்ளே வந்தால் அது போர்ட்டை மூடிவிடும். லூப் வந்தால் பெரும்பாலும் அந்த ஒரு போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும், மற்றவர்கள் தப்பிப்பார்கள்.

* * *

லூப்பாவது எல்லோரையும் ஒரேயடியாகப் படுக்க வைக்கும், உடனே தெரிந்துவிடும். எனக்கு வந்தது அதைவிட எரிச்சலான வகை. ஒரே துறையில் பாதிப் பேருக்கு நெட் வருகிறது, மீதிப் பேருக்கு இல்லை. ரீஸ்டார்ட் செய்தால் சிலருக்கு வந்துவிடும், வந்துகொண்டிருந்த வேறு சிலருக்குப் போய்விடும். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், எந்தக் கதையும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

வராத சிஸ்டத்தில் ஐபிகான்ஃபிக் (கணினியின் முகவரியைக் காட்டும் கட்டளை) போட்டதும் விஷயம் வெளிவந்தது. எங்கள் வளாகம் முழுக்க 10 என்று ஆரம்பிக்கிற முகவரிகள்தான், இதிலோ 192.168.0 என்று காட்டியது. அதாவது சிஸ்டத்துக்கு முகவரி கிடைத்திருக்கிறது, கொடுத்தது நாங்கள் இல்லை. கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறையான டிஹெச்சிபியில் சிஸ்டம் எனக்கு ஒரு முகவரி வேண்டும் என்று பொதுவாகக் கூவும், யார் முதலில் பதில் சொல்கிறார்களோ பெரும்பாலும் அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும். எங்கள் சர்வர் மூன்று கட்டடம் தள்ளி இருந்தது, திருட்டு சர்வர் அதே மாடியில்.

பிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அந்தப் பொய்யான கேட்வேக்கு ஒரு பிங் போட்டுவிட்டு ஆர்ப் பட்டியலைப் பார்த்தால் அதன் மேக் முகவரி, அதாவது தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுத்த எண், கிடைக்கும். அதில் முதல் ஆறு எழுத்துகளை வைத்துத் தயாரித்த நிறுவனத்தைத் தேடலாம், வீட்டு உபயோக ரவுட்டர் செய்கிற நிறுவனம் என்று வந்தால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் ஸ்விட்சில் உள்ளே போய் இந்த மேக் எந்த போர்ட்டில் தெரிகிறது என்று பார்த்து, பேட்ச் பேனல் (சுவர் ஜாக்குகளின் கேபிள்கள் வந்து சேரும் பலகை) லேபிளைப் பார்த்து, அறைக்குப் போகவேண்டியதுதான். (லேபிள் சரியாக இருந்தால். எங்கள் பேனலில் இரண்டு லேபிள்கள் இடம் மாறியிருந்ததால் முதலில் ஒரு பேராசிரியர் அறைக்குள் போய் அசடு வழிந்தோம்.) ப்ராஜெக்ட் மாணவர்கள் வைஃபை சரியாக எட்டவில்லை என்று ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவர் ஜாக்கிலிருந்து வந்த கேபிளை வெளி இணைப்புக்கான வான் போர்ட்டுக்குப் பதிலாக உள் கணினிகளுக்கான லான் போர்ட்டில் சொருகியிருந்தார்கள். டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி ஸ்விட்சிலேயே இருக்கிறது, நம்பிக்கையான போர்ட்டைத் தவிர வேறெங்கிருந்து முகவரி கொடுக்க வந்தாலும் தடுத்துவிடும். அதைப் போடச் சொல்லி நான் கேட்டது வெகு காலம் முன்பு, போட்டது இந்தச் சம்பவத்துக்குப் பிறகு.

* * *

நான் நூலகத்தில் இருக்கிறேன், நெட்வொர்க் ஆள் இல்லை. எங்கள் தேடல் கணினி ஒன்றில் திங்கள்கிழமை காலை மட்டும் நெட் இருக்காது. கேபிளை மாற்றினார்கள், ஜாக்கை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. பிங் போகிறது, நூலகப் பட்டியல் திறக்கிறது, வெளியே எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று முழுப்பக்க எச்சரிக்கை. வாசகர்கள் அதைப் படிக்கவா போகிறார்கள், நெட் இல்லை என்று எழுந்து வந்துவிடுவார்கள்.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தவர் ஒரு பயிற்சி மாணவி. சில வருடங்களுக்கு முந்தைய ஜனவரி 1 என்று காட்டியது. மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 என்ற காசு அளவு பேட்டரி செத்துப்போயிருக்கிறது. வார இறுதியில் மெயின் ஸ்விட்சை அணைப்பதால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். தளங்கள் தம்மை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மறுக்கிறது. எங்கள் உள் பட்டியல் சான்றிதழே கேட்காத பழைய ஹெச்டிடிபியில் ஓடுவதால் அது மட்டும் திறந்திருக்கிறது. பேட்டரி மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

* * *

மேலே எழுதியவர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். டொமைன் லாகின் (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே சர்வர் ஆளைச் சரிபார்க்கும் ஏற்பாடு) இருக்கிற இடங்களில் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனாலே கெர்பரோஸ் என்ற ஆள் சரிபார்க்கும் முறை உள்ளே விடாது. அதையும் நெட் பிரச்சினை என்றுதான் சொல்வார்கள்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கதை. எங்கள் லேபில் ரீஸ்டார்ட் செய்தால் ஹார்டுடிஸ்க் பழைய நிலைக்கே திரும்புகிற மென்பொருள் இருக்கிறது. வைரஸ் தொல்லை இல்லை, அற்புதமான ஏற்பாடு. ஆனால் கொஞ்ச நாள் போனதும் ஒவ்வொரு சிஸ்டமாக, டொமைனுக்கும் இந்தக் கணினிக்கும் நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்று லாகினில் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், கேபிளைக் கழற்றிவிட்டு லாகின் செய்தால் முன்பு அதில் உட்கார்ந்தவர் உள்ளே போய்விடுகிறார், கேபிள் இருந்தால்தான் போக முடியவில்லை. கேபிளில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் கிரிம்பிங் செய்தார்கள், அதாவது கேபிள் முனைகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.

விண்டோஸ் டொமைனில் மனிதர்களைப் போலக் கணினிக்கும் ஒரு பாஸ்வேர்டு உண்டு, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றிக்கொண்டு சர்வருக்கும் சொல்லிவிடும். எங்கள் சிஸ்டம் மாற்றுகிறது, சொல்கிறது, மறுநாள் ரீஸ்டார்ட் ஆனதும் தன் பக்கம் புதிய பாஸ்வேர்டை மறந்து பழையதற்குப் போய்விடுகிறது. சர்வரிடம் புதியது, இதனிடம் பழையது. கேபிள் இல்லாதபோது சர்வரைக் கேட்க வழியில்லாததால் டிஸ்கில் சேமித்த பழைய லாகின் விவரத்தை வைத்து உள்ளே விடுகிறது. டிஸ்கை உறைய வைப்பதற்கு முன்பே அந்த தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைத்தால் போதும்.

* * *

சின்னது ஒன்று. ஒரு சிஸ்டம் மட்டும், நெட் ஒரேயடியாகப் போகாது, ஆனால் ஃபைல் காப்பி நகரவே நகராது. இணைப்பு வேகத்தைப் பார்த்தால் 1 ஜிகாபிட்டுக்குப் பதில் 100 மெகாபிட். ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடி வயரும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும், ஒரு ஜோடி அறுந்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொள்ளும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறிக் கேபிள் நசுங்கியிருந்தது. விளக்கு மட்டும் ஜம்மென்று பச்சையாக எரிந்தது, அதை நம்பாதீர்கள்.

* * *

விளக்கு மட்டுமா, விண்டோஸில் மூலையில் இருக்கிற நெட் ஐகானையும் நம்பாதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை எடுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் அது நெட் இருக்கிறது, இல்லை என்று சொல்கிறது. எங்கள் ஃபயர்வாலில் யாரோ அந்த முகவரியை அடைத்துவிட்டார்கள். நெட் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே வளாகம் முழுக்க ‘நெட் இல்லை’ என்று காட்டியது, அன்றைக்குப் போனைக் கீழே வைக்க முடியவில்லை.

அப்புறம், கருத்தரங்கு நாட்களில் மட்டும் நெட் இல்லை என்று புகார் வந்தால் முகவரிக் கணக்கைப் பாருங்கள். ஸ்லாஷ் 24 என்ற அளவுள்ள வலைப்பின்னலில் 254 முகவரிகள்தான். விண்டோஸ் டிஹெச்சிபி சர்வர் வழக்கமாக 8 நாளுக்கு ஒரு முகவரியைக் குத்தகைக்குக் கொடுக்கும். ஒரு அரை நாள் விருந்தினராக வந்தவரின் போன் எடுத்துக்கொண்ட முகவரி அவர் ஊருக்குப் போன பிறகும் அவர் பெயரிலேயே கிடக்கும், புதிதாக வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. விருந்தினர் வைஃபைக்குக் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைத்ததும் எங்கள் பிரச்சினை போய்விட்டது.

* * *

மாணவன் பக்கத்திலிருந்து. விடுதியில் போனின் மேக் முகவரியைப் படிவத்தில் எழுதிக்கொடுத்தால்தான் வைஃபை. அப்பா பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து ஒழுங்காக எழுதிக்கொடுத்தார், ஆனாலும் வரவில்லை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் வழக்கமாகவே ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக்கைத்தான் காட்டுகின்றன. அந்த வைஃபையின் செட்டிங்கில் போய் சாதனத்தின் சொந்த மேக்கைப் பயன்படுத்து என்று மாற்றியதும் வந்துவிட்டது. படிவத்தில் இதை ஒரு வரி எழுதிவைத்தால் வரிசையில் நிற்கிற பாதிப் பேர் குறைவார்கள்.

* * *

எங்களுக்குக் கரண்ட் போய் வந்தால் லேப் முழுக்க 169.254 முகவரி. டிஹெச்சிபியிடமிருந்து பதிலே வராதபோது விண்டோஸ் தானாக வைத்துக்கொள்வது அது, அதை வைத்து வெளியே எங்கேயும் போக முடியாது. சிஸ்டங்களில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டதிலிருந்துதான் இந்தத் தொல்லை. சிஸ்டம் சட்டென்று எழுந்துவிடுகிறது, ஸ்விட்ச் நிதானமாக எழுகிறது, எழுந்த பிறகும் பழைய ஸ்பேனிங் ட்ரீ ஒவ்வொரு போர்ட்டையும் 15 நொடி கேட்டு, 15 நொடி கற்றுக்கொண்டு, அப்புறம்தான் திறந்துவிடும். அதற்குள் சிஸ்டம் கேட்டு அலுத்துப்போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்கும் என்பதால் சும்மா இருந்தாலே சரியாகிவிடும், ஆனால் யார் சும்மா இருக்கிறார்கள், எல்லோரும் மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறார்கள். கணினி மட்டுமே சொருகுகிற போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டு, ராக்குக்கு ஒரு யுபிஎஸ் வைத்த பிறகு நிம்மதி.

* * *

எல்லாம் படித்தேன், எங்களுடையது எதிலும் பொருந்தவில்லை. விடுமுறையில் லேபுக்குப் பெயின்ட் அடித்தார்கள். இப்போது சில சிஸ்டங்களில் மட்டும் விளக்கே எரியவில்லை. கேபிள் டெஸ்டரில் எல்லா வயரும் சரி. அதே ஜாக்கில் என் லேப்டாப்பைச் சொருகினாலும் விளக்கு எரியவில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். பெயின்ட் அடிக்க மேசைகளை நகர்த்தியபோது சிஸ்டங்கள் இடம் மாறியிருக்கும், உங்கள் ஸ்விட்சில் போர்ட் செக்யூரிட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு போர்ட்டில் முதலில் பார்த்த மேக் முகவரியையே பிடித்துவைத்துக்கொண்டு, வேறு கணினி வந்தால் போர்ட்டை மூடிவிடும். பழைய இடத்துக்கே திரும்பிய சிஸ்டங்கள் வேலை செய்கின்றன, மாறியவை செத்துக்கிடக்கின்றன. ஸ்விட்ச் லாகில் பார்த்தால் பளிச்சென்று இருக்கும். ஜாக் எண்களை எழுதி நெட்வொர்க் அறையில் கொடுங்கள். போர்ட்டை வெறுமனே மூடித் திறந்தால் போதாது, பிடித்துவைத்த பழைய மேக்கையும் அழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிஸ்டத்தைப் போட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும்.