சுவருக்கு அப்பாலிருந்து வந்த சத்தம்

2024 ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பிரிவில் இடம்பெற்ற பத்துப் படங்களையும், மார்ச் 10-ஆம் தேதி விழாவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்று முடிவுசெய்து, வேலை முடிந்து வந்த இரவுகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றுள் ‘தி ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’ ஒன்றைத்தான் இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை அது எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டாம் முறைக்குப் பின் மற்ற ஒன்பதில் எதையும் அதற்கு இணையாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜொனாதன் கிளேசர் இயக்கிய இந்தப் படம், நாஜிக்கள் யூதர்களைக் கொன்று குவித்த அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதியாக இருந்த ருடால்ஃப் ஹொஸ், அவருடைய மனைவி ஹெட்விக், அவர்களுடைய ஐந்து குழந்தைகள் ஆகியோரைப் பற்றியது. அவர்கள் குடியிருக்கும் வீட்டின் தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் முகாம் இருக்கிறது. அங்கு நடக்கும் கொலைகளில் ஒன்றைக்கூடப் படம் காட்டுவதில்லை. மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரில், தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழல, வாசலில் வண்டிகள் போய்க்கொண்டிருக்க, ஒன்றே முக்கால் மணி நேரம் ஒரு குடும்பம் பூச்செடி வளர்ப்பதையும் விருந்தினரை உபசரிப்பதையும் பார்த்து முடித்தபோது, இதற்கு எதற்காக ஐந்து பிரிவுகளில் பரிந்துரை கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டப்பிங் ஸ்டுடியோ ஒன்றில் ஒலிப்பதிவாளராக இருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. “ஃபேனை நிறுத்திவிட்டு, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பாருங்கள்” என்று மட்டும் சொல்லித் தன்னுடையதையே கொடுத்தார்.

அன்று இரவு நான் பார்த்தது வேறொரு படம் போலவே இருந்தது. தொடக்கத்தில் திரை நெடுநேரம் இருண்டு கிடக்க, மிக்கா லெவியின் இசை மட்டும் ஒலிக்கும் பகுதியை முதல் முறை பொறுமையில்லாமல் கடந்திருந்தேன். கண்ணை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டுக் காதைத் தயார்செய்கிற பகுதி அது என்பது இப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு எந்தக் காட்சிக்கு அடியிலும், முகாமில் உடல்களை எரிக்கும் உலையின் இரைச்சல் இருந்தது. தொலைவில் துப்பாக்கிச் சத்தமும் நாய்க் குரைப்பும் அலறலும் கேட்டன. போலந்துச் சிறுமி ஒருத்தி இரவில் ரகசியமாகச் சென்று, கைதிகள் வேலை செய்யும் இடத்தில் ஆப்பிள்களை மறைத்து வைக்கிறாள். (உண்மையில் வாழ்ந்த ஒருவரைத் தழுவிய பாத்திரம் இது, படத்தில் அவள் ஓட்டும் சைக்கிள் அவருடையதே.) பின்னொரு காட்சியில் ஹொஸின் சிறிய மகன் அறையில் விளையாடிக்கொண்டிருக்கும்போது, ஓர் ஆப்பிளுக்காகச் சண்டையிட்ட கைதியை ஆற்றில் மூழ்கடிக்கச் சொல்லும் குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வருகிறது. அந்தச் சிறுமியின் கருணை எங்கே போய் முடிந்தது என்பதைப் படம் காதுக்கு மட்டுமே சொல்கிறது. முதல் முறை இதை நான் முழுமையாகத் தவறவிட்டிருந்தேன்.

‘ஓப்பன்ஹெய்மர்’ படத்தில் அணுகுண்டு வெடிக்கும்போது ஒளி முதலில் வந்து, மூச்சுக்காற்று மட்டும் கேட்கும் நீண்ட அமைதிக்குப் பிறகு ஓசை வந்து மோதுவதும், ‘கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்’ படத்தில் மழை பெய்யும்போது பேசாமல் உட்காரும்படி மாலி தன் வருங்காலக் கணவனிடம் சொல்வதும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனாலும் சிறந்த ஒலிக்கான ஆஸ்கரை ‘ஓப்பன்ஹெய்மர்’ பெறாமல், ஒலிக்கலைஞர்கள் ஜானி பர்னும் டார்ன் வில்லர்ஸும் ‘தி ஸோன் ஆஃப் இன்டரஸ்ட்’டுக்காகப் பெற்றதே சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அத்தனை கவனமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தும், பாதிப் படத்துக்கு மேல் அந்த உலை இரைச்சல் என் காதில் விழவில்லை. அது நிற்கவில்லை, எனக்குப் பழகிவிட்டிருந்தது. சிறுவயதில் எங்கள் வீட்டை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருந்தது. அறுவடைக் காலத்தில் இரவு முழுவதும் அது ஓடும். நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம். ஊரிலிருந்து வந்த சித்திதான் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, “இதில் எப்படித்தான் இருக்கிறீர்களோ” என்று அம்மாவிடம் கேட்டார். நெல் அரைக்கும் சத்தத்தையும் மனிதர்களை எரிக்கும் சத்தத்தையும் ஒன்றாக வைத்துப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படத்தில் ஹெட்விக்கின் தாய் விருந்தாளியாக வந்தபோது சித்தியின் நினைவுதான் வந்தது. அந்தத் தாய் நல்லவர் என்று சொல்ல முடியாது. தான் முன்பு வேலை செய்த யூதப் பெண்மணியின் திரைச்சீலைகள் ஏலத்தில் தனக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர் அவர். அப்படிப்பட்டவராலும் அந்த வீட்டில் இரவில் உறங்க முடிவதில்லை. ஜன்னலில் தெரியும் உலை வெளிச்சத்தைப் பார்த்தபடி விழித்திருந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஒரு கடிதம் மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். ஹெட்விக் அதைப் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று படம் நமக்குச் சொல்வதே இல்லை.