பழைய ஆம்னி வேனின் கியர் பாக்ஸ் நல்ல நிலையில் உள்ளதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அவசரம்)

விழுப்புரத்துக்காரன்:
வணக்கம். பழைய ஆம்னி ஒன்றை 95,000 ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தபோது கியர் பாக்ஸ் பக்கமிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு முறை கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. "ஒரே டாக்டர் கையில் இருந்த வண்டி, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்கிறார் தரகர். ஞாயிற்றுக்கிழமை காலை முன்பணம் கொடுக்க வேண்டும். வாங்கலாமா, வேண்டாமா?

நெல்லை_ஓட்டுநர்:
எந்த ஆண்டு வண்டி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? எந்த கியர் கழன்றது, வேகம் கூட்டும்போதா அல்லது கால் எடுத்தபோதா? சத்தம் எல்லா கியரிலும் வருகிறதா? இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் வாங்கலாமா என்று கேட்டால், நாங்கள் சோழி உருட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கிளட்ச்_கண்ணன்:
கியர் பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். ஆம்னியில் பாதி நோய் அந்தக் கேபிளால் வருவதுதான். வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சை முழுவதும் மிதித்து ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரவென்று உரசினால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள்.

பழைய_பட்டறை:
கண்ணன் அவர்களுக்கு எந்த வண்டியைக் காட்டினாலும் கிளட்ச் கேபிள்தான் தெரியும். இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை விளக்கம் எழுதியிருக்கிறேன், ஆனால் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 1984இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது முதல் 2019இல் உற்பத்தி நின்றது வரை, முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின், அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ், அங்கிருந்து ஜாயிண்ட் ஷாஃப்ட் வழியாகப் பின் அச்சு என்ற அமைப்பு மாறவே இல்லை. இந்த அடிப்படைகூடத் தெரியாமல் வண்டி வாங்கக் கிளம்புகிறவர்களை என்ன சொல்வது?

விழுப்புரத்துக்காரன்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2006 மாடல், சென்னைப் பதிவு. மீட்டர் 61,000 காட்டுகிறது. கழன்றது இரண்டாவது கியர், மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கழன்றது. சத்தம் எந்தெந்த கியரில் வந்தது என்று கவனிக்கவில்லை.

நெல்லை_ஓட்டுநர்:
கவனிக்க வேண்டியதே அதுதான், நண்பரே. நாளை வண்டியைக் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு பாருங்கள். முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துக் கேளுங்கள். அப்போது கேட்கும் முனகல் கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பெட்டிக்குள் இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் விசையை உள்ளே வாங்கும் தண்டு) பேரிங்கோ கவுண்டர் ஷாஃப்ட் (கீழே சுழலும் துணைத் தண்டு) பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். அதற்காக யாரும் வண்டியை விட வேண்டியதில்லை.

அடுத்தது சாலையில். இந்தப் பெட்டியில் நான்காவது கியர் நேரடி கியர். அதாவது எஞ்சின் விசை கீழே உள்ள கவுண்டர் ஷாஃப்டைச் சுற்றிப் போகாமல் நேராக, விசையை வெளியே அனுப்பும் மெயின் ஷாஃப்டுக்குப் போய்விடும். ஆகவே இரண்டாவது, மூன்றாவது கியர்களில் ஊளையிடும் சத்தம் நான்காவதில் அடங்கிவிட்டால், குறை கவுண்டர் ஷாஃப்டிலோ அதன் பேரிங்கிலோ இருக்க வேண்டும். நான்கிலும் ஒரே மாதிரி கேட்டு, நியூட்ரலில் உருளவிட்டாலும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தொடர்ந்தால், பெட்டியை விட்டுவிட்டுப் பின் அச்சின் நடுவே உள்ள டிஃபரன்ஷியலையும் சக்கர பேரிங்கையும் பாருங்கள்.

கால் எடுத்ததும் இரண்டாவது கியர் கழல்வது எனக்குக் கவலை தருகிறது. ஊருக்குள் சுமையோடு ஓடும் வண்டியில் அதிகம் வேலை செய்வது அந்த கியர்தான். கியரைப் பிடித்து வைக்கும் ஸ்லீவின் பற்கள் உருண்டு மழுங்கினால், எஞ்சின் பிரேக்கிங்கில் (கால் எடுத்ததும் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் குறைக்கும்போது) பிடி நழுவும். ஆனால் லீவரிலிருந்து பெட்டிவரை போகும் கம்பியின் புஷ் தேய்ந்து கியர் முழுதாக விழாமல் இருந்தாலும் இதே குறி வரும். லீவரை கியரில் வைத்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். பருப்புக் கடையும் மத்து மாதிரி சுழன்றால் புஷ்ஷையும் சந்தேகப்படலாம்.

ராசிபுரம்_ராஜ்:
61,000 என்பதை நம்ப வேண்டாம். ஆம்னியின் மீட்டரைச் சுற்றுவது கியர் பாக்ஸிலிருந்து வரும் கேபிள். அதைக் கழற்றிவிட்டு வருடக்கணக்காக ஓட்டியவர்கள் உண்டு. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் 61,000 என்பது கதை. நம்பர் பிளேட்டின் ஓட்டைகளிலும் கதவின் உள்மடிப்பிலும் மஞ்சள் பெயின்ட் தெரிகிறதா என்றும் பாருங்கள். பள்ளி வேனாக ஓடிய வண்டி டாக்டர் வண்டியாக மாறுவது ஒன்றும் அதிசயமில்லை.

பழைய_பட்டறை:
ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும்தான் இருக்கும். கியர் பாக்ஸுக்கு அங்கே எந்த எண்ணும் கிடையாது. எனவே அது எத்தனை முறை இறங்கி ஏறியது, எந்த உடைப்புக் கடையிலிருந்து வந்தது என்பதைக் காகிதம் சொல்லாது, பெட்டிதான் சொல்ல வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் ராம்பில் ஏற்றுங்கள், ஆனால் கழுவ விடாதீர்கள். அடிப்பாகம் முழுவதும் பத்து வருட மண்ணும் எண்ணெயும் படிந்திருக்க, பெட்டி மட்டும் பளிச்சென்றிருந்தால் அது புதுக் குடித்தனம், அதாவது பிற்பாடு இறக்கி ஏற்றியது. போல்ட் தலைகளில் ஸ்பேனர் நழுவிய தழும்பும், இணைப்பில் பிதுங்கி நிற்கும் சிலிகான் பசையும் அதற்குச் சாட்சி. பிறகு எண்ணெய்.

கிளட்ச்_கண்ணன்:
எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. பழைய காலத்துத் தரகர்கள் சத்தத்தை அமுக்க மரத்தூள் போடுவார்கள். இன்று கெட்டியான 140 நம்பர் எண்ணெயை ஊற்றிவிடுகிறார்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் கியர் விழ அடம்பிடித்தால் சந்தேகப்படுங்கள். வாங்கிய பின் வழக்கமான 90 எண்ணெயை மாற்றிக்கொள்ளலாம், கிரவுனுக்கும் (பின் அச்சின் டிஃபரன்ஷியலில் உள்ள பெரிய பல்சக்கரம்) அதையே ஊற்றலாம்.

பழைய_பட்டறை:
இப்படிச் சொல்லித்தான் பாதிப் பெட்டிகளைக் கெடுத்தீர்கள். 90 என்பது கெட்டித்தன்மை மட்டுமே, தரம் அல்ல. தரத்தைச் சொல்வது ஜிஎல் எண். ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து அதிகம், அது கிரவுன் பற்களுக்கு நல்லது. ஆனால் கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அது அரிக்கக்கூடும். பெட்டிக்கு ஜிஎல்-4 தான்.

கிளட்ச்_கண்ணன்:
என் வண்டியில் பன்னிரண்டு வருடமாக இரண்டுக்கும் ஒரே டின்தான், ஒரு ரிங்கும் போகவில்லை.

பழைய_பட்டறை:
போகவில்லை என்பது பெட்டியைத் திறந்து பார்த்தவர் சொல்ல வேண்டியது.

நெல்லை_ஓட்டுநர்:
உங்கள் டின் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. நண்பரே, டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். விரலில் மை போல ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். ஜரிகைத் தூள் தூவியது போல மின்னினால் சிங்க்ரோ ரிங் கரைகிறது. நகத்தில் நெருடும் இரும்புச் சில் கிடைத்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சென்னைப் பதிவு என்பதால் 2015 டிசம்பர் வெள்ளத்தை மறக்க வேண்டாம். தண்ணீர் புகுந்த பெட்டியை அப்படியே நிறுத்தி வைத்தால் பேரிங் குண்டுகளில் துரு குழி பறித்துவிடும், பிறகு எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஊளை நிற்காது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும்.

ராசிபுரம்_ராஜ்:
வெளுத்திருந்தாலே வெள்ளம் என்று முடிவு கட்டிவிட முடியாது. வாட்டர் சர்வீஸ் பீச்சலில் காற்றுக் குழாய் வழியாகவும் கொஞ்சம் தண்ணீர் இறங்கலாம். பெல்ட்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

விழுப்புரத்துக்காரன்:
அனைவருக்கும் நன்றி. நான்காவது கியரில் சத்தம் ஏறக்குறைய இல்லை, மூன்றாவதில்தான் அதிகம். எண்ணெய் மோர் நிறம். பெல்ட்டை இழுக்கப் போனதும் தரகருக்கு வேறு இடத்தில் வேலை வந்துவிட்டது. முன்பணம் கொடுக்கவில்லை.

நெல்லை_ஓட்டுநர்:
கிண்ணத்தில் மின்னும் தூள் ஏதும் இருந்ததா?

கிளட்ச்_கண்ணன்:
அந்தப் பெட்டியில் இருந்தது ஜிஎல்-4 ஆ, ஜிஎல்-5 ஆ என்று கேட்டீர்களா?